அம்மாச்சியும் வைட்டமின் மாத்திரையும்: சத்து மாத்திரை வைரஸைத் தடுக்குமா?

இன்னிக்கு எபிசோடு ஒரு ஏலச்செடியில இருந்து ஆரம்பிக்குது.

எங்க அம்மா ஊரு பொட்டிபுரம். தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் பக்கம். நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகுதுன்னு செய்தியில அடிபட்டுச்சே, அதே பொட்டிபுரம்தான். அந்தப் பக்கத்து ஊர்கள்ல இருந்து விடியக்காலையில ஜீப்புல ஏறி, மலையேறி, இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போறவங்க நிறைய பேர். என் மாமாவும் அப்படிப் போனவர்தான். காலேஜ் லீவுல ஒரு தடவை நானும் அவர்கூடப் போனேன்.

தோட்டத்துல ஒரு செடி இலை வெளுத்து மஞ்சளா நின்னுச்சு. மாமா அதுக்கு உரம் வைக்கச் சொன்னார். நாலு தூர் தள்ளி இன்னொரு செடி. அதோட இலையில வெளிர் பச்சைக் கோடு கோடா ஓடியிருந்துச்சு. அதைப் பார்த்ததும், "வேரோட பிடுங்கு"ன்னுட்டார். நான் கேட்டேன், "ஏன் மாமா, இதுக்கும் உரம் வச்சாத் தேறாதா?"

"மாப்ள, அது பசி. இது நோய். பசிக்குச் சோறு போடலாம். நோய்க்குச் சோறு போட்டா நோயும் சேர்ந்துல்ல திங்கும்."

அந்தக் கோடு போட்ட இலை, கட்டே நோய். ஏலச்செடியில வர்ற வைரஸ் நோய். அசுவினிப் பூச்சி ஒரு செடியில இருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும். மருந்து கிடையாது. நோய் வந்த தூரைப் பிடுங்கி அழிக்கணும், அவ்வளவுதான். பசி வேற, நோய் வேற. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆனா சில வருஷம் கழிச்சு, தேவைப்பட்ட நேரத்துல நானே அதை மறந்துட்டேன்.

ஒரு டப்பா மாத்திரை

2020 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தெருத்தெருவா கபசுரக் குடிநீர் கொடுத்தாங்க. ஜிங்க் மாத்திரையும் வைட்டமின் சி மாத்திரையும் எல்லார் வீட்டு அலமாரியிலயும் இருந்துச்சு. நான் சென்னையில இருந்து 'வொர்க் ஃப்ரம் ஹோம்'னு ஊருக்குப் போனப்ப, ஒரு பை நிறைய மாத்திரை வாங்கிட்டுப் போனேன். அம்மாச்சிக்கு மட்டும் தனியா ஒரு டப்பா. கொடுக்கும்போது நான் சொன்ன வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கு: "தினம் ஒண்ணு போடு அம்மாச்சி, கொரோனா கிட்டயே வராது."

அதுக்கு என்ட்ட என்ன ஆதாரம் இருந்துச்சு? ஒண்ணும் இல்ல. நாலு வாட்ஸப் ஃபார்வேர்டு.

2021 மார்ச்சுல 60 வயசு தாண்டினவங்களுக்குத் தடுப்பூசி வந்துச்சு. அம்மா கூப்பிட்டாங்க, மாமா கூப்பிட்டார். அம்மாச்சி அசையல. "பேரன் குடுத்த மாத்திரையத்தான் ஒரு நாள் விடாமப் போடுறேனே, எனக்கு எதுக்குடி ஊசி?" மே மாசம் அவங்களுக்குக் கொரோனா வந்துச்சு. பதினோரு நாள் ஆக்சிஜன்ல இருந்தாங்க. பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டாங்க, நல்லா இருக்காங்க. ஆனா அந்தப் பதினோரு நாளும் எனக்குத் தூக்கம் இல்ல. மாத்திரை அவங்களுக்குக் கெடுதல் பண்ணல. "கிட்டயே வராது"ன்னு நான் சொன்ன வார்த்தைதான் கெடுதல் பண்ணுச்சு.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். சத்து மாத்திரை வைரஸ்ல இருந்து நம்மளைக் காப்பாத்துமா? "எல்லாம் கம்பெனிக்காரன் ஏமாத்து வேலை"ன்னு ஒரே வரியில பதில் கிடைக்கும்னு நினைச்சேன். அப்படிக் கிடைக்கல. கிடைச்ச கதை நம்ம ஊருப் பக்கமே நடந்திருக்கு.

எலியில இருந்து தட்டம்மை வார்டு வரைக்கும்

1913ல அமெரிக்காவுல எல்மர் மெக்காலம், மார்கரிட் டேவிஸ்னு ரெண்டு பேர், எலிகளுக்கு வேற வேற கொழுப்பு கொடுத்துப் பார்த்தாங்க. வெண்ணெய்க் கொழுப்பு தின்ன எலி வளர்ந்துச்சு, பன்றிக் கொழுப்பு தின்ன எலி வளராம நின்னுச்சு. வெண்ணெயில இருந்த அந்த ஏதோ ஒண்ணுதான் பின்னாடி வைட்டமின் ஏ ஆச்சு.

1928ல இங்கிலாந்துல ஹாரி கிரீனும் எட்வர்ட் மெல்லன்பியும், வைட்டமின் ஏ இல்லாத எலிகள் தொற்று வந்து சாகுறதைப் பார்த்துட்டு, இதுக்கு 'தொற்றை எதிர்க்கும் வைட்டமின்'னே பட்டம் கொடுத்தாங்க. அதை நம்பி 1932ல லண்டன்ல ஜோசப் எலிசன்னு ஒரு டாக்டர், தட்டம்மை வந்த 600 குழந்தைகளை ரெண்டாப் பிரிச்சார். 300 பேருக்கு வைட்டமின் ஏ நிறைஞ்ச மருந்து, 300 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். வைட்டமின் கிடைக்காத பக்கம் 26 குழந்தைகள் இறந்தாங்க. கிடைச்ச பக்கம் 11.

தட்டம்மைன்னா வைரஸ். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் நேரடி மருந்து கிடையாது. அப்படி இருக்க, ஒரு வைட்டமின் சாவைப் பாதிக்கு மேல குறைக்குது. இது பெரிய செய்தியா ஆகியிருக்கணும். ஆனா சல்ஃபா மருந்து வந்துச்சு, பெனிசிலின் வந்துச்சு, எல்லார் கவனமும் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. எலிசனோட கணக்கு ஐம்பது வருஷம் கிட்டத்தட்ட மறந்தே போச்சு.

மாலைக்கண்

மறக்காம இருந்தவங்க கண் டாக்டர்கள். ஏன்னா வைட்டமின் ஏ குறைஞ்சா முதல்ல காட்டிக்கொடுக்கிறது கண்ணுதான். பொழுது சாய்ஞ்சதும் குழந்தை தட்டுத்தடுமாறும். அதுதான் மாலைக்கண். முத்திப்போனா கருவிழியே கரைஞ்சு பார்வை போயிடும்.

மதுரையில அரசு மருத்துவமனையில கண் டாக்டரா இருந்த ஜி. வெங்கடசாமி இப்படி வந்த குழந்தைகளை நிறையப் பார்த்தவர். 1970கள்ல அங்க இந்தக் குழந்தைகளுக்குன்னே ஒரு சத்துணவு மறுவாழ்வு மையம் ஆரம்பிச்சார். வெறும் மருந்து கொடுத்து அனுப்புறது இல்ல, அம்மாக்களையும் கூடவே தங்கவச்சு, கீரை காய்கறியைக் குழந்தைக்கு எப்படிக் கொடுக்கிறதுன்னு சொல்லிக்கொடுத்தாங்க. 1976ல 11 படுக்கையோட அவர் ஆரம்பிச்ச ஆஸ்பத்திரிதான் அரவிந்த். இந்திய அரசும் 1970லேயே, குழந்தைகளுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ கொடுக்கிற திட்டத்தை ஆரம்பிச்சுடுச்சு. ஆனா அதோட நோக்கம் பார்வையைக் காப்பாத்துறது. உயிரைக் காப்பாத்துறதுன்னு யாரும் யோசிக்கல.

அந்த யோசனை வந்தது இந்தோனேசியாவுல. ஆல்ஃபிரட் சோமர்னு ஒரு அமெரிக்கக் கண் டாக்டர், அங்க குழந்தைகளோட கண்ணைப் பத்தி எடுத்த டேட்டாவைப் புரட்டிக்கிட்டு இருந்தப்ப ஒண்ணைக் கவனிச்சார். லேசான மாலைக்கண் அறிகுறி இருந்த குழந்தைகள், மத்த குழந்தைகளை விட சராசரியா 4 மடங்கு அதிகமா இறந்திருந்தாங்க. 1983ல இதைச் சொன்னார். ஏழைக் குழந்தைக்கு எல்லாக் குறையும்தான் இருக்கும், வைட்டமினை மட்டும் எப்படிக் குத்தம் சொல்றதுன்னு பலர் நம்பல. நியாயமான கேள்விதான். 1986ல ஆச்சே பகுதியில 450 கிராமங்கள்ல அவரோட குழு சோதிச்சுப் பார்த்தப்ப, வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்கள்ல குழந்தை மரணம் 34% குறைஞ்சது. அப்பவும் விவாதம் முடியல. இன்னொரு இடத்துல, இன்னும் இறுக்கமான முறையில யாராவது செஞ்சு பார்க்கணும்.

அதைச் செஞ்சது நம்ம திருச்சி மாவட்டத்துல.

திருச்சி கிராமங்கள்ல ஒரு வருஷம்

அரவிந்த் சார்புல டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையில நடந்த ஆய்வு அது. 5 வயசுக்கு உட்பட்ட 15,419 குழந்தைகள். ஊர்த் தன்னார்வலர்கள் வாரா வாரம் வீடு தேடிப் போய்ச் சொட்டு மருந்து கொடுத்தாங்க. ஒரு பாதிக்கு வைட்டமின் ஏயும் கொஞ்சம் வைட்டமின் ஈயும், இன்னொரு பாதிக்கு வைட்டமின் ஈ மட்டும். எது யாருக்குன்னு கொடுக்கிறவங்களுக்கும் தெரியாது, வாங்குறவங்களுக்கும் தெரியாது. ரெண்டு பக்கமும் வாரா வாரம் ஒரு ஆள் வீட்டுக்கு வந்து விசாரிக்குது. அதனால, விசாரிச்சதுலயே குணமாச்சுன்னு பின்னாடி யாரும் சொல்ல முடியாது.

ஒரு வருஷத்துல விபத்து இல்லாம மத்த காரணங்களால இறந்த குழந்தைகள் மொத்தம் 117. வைட்டமின் ஏ கிடைச்ச பக்கம் மரணம் 54% குறைவு. அதுலயும், ரொம்ப நாள் பட்டினியால வளர்ச்சி குன்றின குழந்தைகள் இருக்காங்க இல்லையா, அவங்களுக்கு மரண ஆபத்து கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கா இறங்குச்சு. 1990ல இது அமெரிக்காவோட பெரிய மருத்துவ இதழான நியூ இங்கிலாந்து ஜர்னல்ல வந்துச்சு. அதே வருஷம் அதே இதழ்ல தென்னாப்பிரிக்காவுல கேப்டவுன் ஆய்வும் வந்துச்சு. கடுமையான தட்டம்மையோட ஆஸ்பத்திரியில சேர்ந்த 189 குழந்தைகள். வைட்டமின் ஏ கிடைக்காதவங்கள்ல 10 பேர் இறந்தாங்க, கிடைச்சவங்கள்ல 2 பேர். எலிசனோட பழைய கணக்கு சரின்னு ஆச்சு.

இப்பதான் முக்கியமான இடம், கவனமாக் கேளுங்க. திருச்சி ஆய்வுக் குழு அடுத்த வருஷம் இன்னொரு கட்டுரை போட்டாங்க. வைட்டமின் ஏ கிடைச்ச குழந்தைகளுக்கு வயித்துப்போக்கு, சளி, இருமல் குறைவா வந்துச்சான்னு பார்த்தாங்க. குறையல. ரெண்டு பக்கமும் நோய் ஒரே மாதிரிதான் வந்துச்சு. ஒரு பக்கம் மட்டும் அதுல சாகுறது குறைஞ்சது.

நான் இதை ரெண்டு மூணு தடவை திரும்பப் படிச்சேன். வைட்டமின் நோய் வர்றதைத் தடுக்கல. வந்த நோய் ஆளைச் சாய்க்கிறதைத் தடுத்துச்சு. அம்மாச்சிட்ட நான் சொன்ன "கிட்டயே வராது"ங்கிற வார்த்தை, இருக்கிறதுலயே பலமான ஆதாரத்துல கூட இல்ல.

ஏன் இப்படி? நம்ம நுரையீரல், குடல், கண்ணு எல்லாத்துக்கும் உள்பூச்சு மாதிரி ஒரு ஈரமான தோல் இருக்கு. அது சரியா இருக்க வைட்டமின் ஏ வேணும். தட்டம்மை வைரஸ் அடிக்கிறதும் அதே உள்பூச்சைத்தான். அதோட, நோய் வந்த நேரத்துல உடம்புல இருக்கிற வைட்டமின் ஏ மளமளன்னு கரையும். கையிருப்பு உள்ள குழந்தை சமாளிச்சிடும். ஏற்கெனவே காலியா இருக்கிற குழந்தைக்கு அந்த உள்பூச்சைச் சரிபண்ண ஒண்ணும் மிஞ்சாது.

என் வேலை பாஷையில சொன்னா, ரேம் பத்தாம அடிக்கடி விழுற சர்வருக்கு ரேம் போட்டா நிக்கும். பாதி ரேம் சும்மா கிடக்கிற சர்வருக்கு இன்னும் ரெண்டு மடங்கு போட்டாலும் ஒண்ணும் மாறாது. வெளியில இருந்து வர்ற அட்டாக்கையும் அது தடுக்காது.

மறுபக்கம்

திருச்சி முடிவு எல்லா ஊர்லயும் அப்படியே திரும்பி வந்துச்சான்னா, இல்ல. குன்னூர்ல ராபர்ட் மெக்கரிசன் ஆரம்பிச்ச சத்துணவு ஆய்வுக்கூடம் 1958ல ஹைதராபாத்துக்குப் போச்சு, அதுதான் இன்னிக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அவங்க ஹைதராபாத் பக்கம் நடத்தின ஆய்வும் 1990லேயே வந்துச்சு. ஆறு மாசத்துக்கு ஒரு பெரிய டோஸ். மரணம் குறையல. உத்தரப்பிரதேசத்துல 10 லட்சம் குழந்தைகளை வச்சு நடந்த பிரம்மாண்டமான ஆய்வோட முடிவு 2013ல வந்துச்சு: 4% தான் குறைவு, அதுவும் தற்செயலா இருக்கலாம்ங்கிற அளவு.

மருந்து எல்லாக் குழந்தைக்கும் ஒழுங்காப் போய்ச் சேர்ந்துச்சான்னு ஒரு தரப்பு கேட்டாங்க. இந்தியக் குழந்தைகளோட நிலைமையே மாறிடுச்சு, தட்டம்மைத் தடுப்பூசி வந்துடுச்சு, பழைய அளவு பற்றாக்குறை இல்லைன்னு இன்னொரு தரப்பு சொன்னாங்க. அந்தச் சண்டை இன்னும் முடியல. ஆனா எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் ஒண்ணு தெளிவு. பள்ளம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவுக்குத்தான் மண்ணு போட்ட பலன் தெரியும்.

ஜிங்க் கதையும் இதேதான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2004ல இருந்து, வயித்துப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோட 10 முதல் 14 நாள் ஜிங்க் கொடுக்கச் சொல்றாங்க. குழந்தைகளோட கடுமையான வயித்துப்போக்குல ரோட்டா வைரஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜிங்க் பற்றாக்குறை இருக்கிற நாடுகள்ல, ஆறு மாசம் தாண்டின குழந்தைகளுக்கு அது நோய் நாளைக் குறைக்குது. நல்லாச் சாப்பிட்டு வளர்ற குழந்தைக்கு அந்த அளவு பலன் கிடையாது.

சரி, நம்மள மாதிரி பெரியவங்களுக்கு? வைட்டமின் சியை உலகத்துக்கே பிரபலப்படுத்தினது லைனஸ் பாலிங். ரெண்டு நோபல் பரிசு வாங்கினவர். 1970ல அவர் எழுதின புத்தகத்துல, நிறைய வைட்டமின் சி சாப்பிட்டா சளி பிடிக்காதுன்னார். அதுக்கப்புறம் 11,000 பேருக்கு மேல சோதிச்சதைச் சேர்த்துப் பார்த்தப்ப, சாதாரண மக்களுக்குச் சளி வர்றது குறையல. தினமும் சாப்பிட்டு வந்த பெரியவங்களுக்குச் சளி இருக்கிற நாள் 8% சுருங்குச்சு, அவ்வளவுதான். மாரத்தான் ஓடுறவங்க, கடுங்குளிர்ல பயிற்சி எடுக்கிற சிப்பாய்கள் மாதிரி உடம்பைக் கசக்கிப் பிழியிறவங்களுக்கு மட்டும் சளி வர்றதே பாதியாக் குறைஞ்சது. அவங்களுக்குப் பள்ளம் இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

கொரோனா காலத்துல அமெரிக்காவுல 214 நோயாளிகளுக்கு அதிக அளவு ஜிங்க், வைட்டமின் சி, ரெண்டும் சேர்த்துன்னு கொடுத்துப் பார்த்தாங்க. பலன் தெரியாததால ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க. நார்வேயில 34,000 பேருக்கு மேல மீன் எண்ணெய் ஆய்வுல சேர்ந்தாங்க. கொரோனா வர்றதுல வித்தியாசமே இல்ல. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வைட்டமின் டி முன்னாடியே போதுமான அளவு இருந்துச்சு.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. வைட்டமின் சி மிஞ்சினா பெரும்பாலும் சிறுநீர்ல போயிடும். வைட்டமின் ஏ அப்படிப் போகாது, கல்லீரல்ல தங்கும். 2025ல டெக்சாஸ்ல தட்டம்மை பரவினப்ப, தடுப்பூசிக்குப் பதிலா வைட்டமின் ஏயை அள்ளிக் கொடுத்த வீடுகள்ல இருந்து, கல்லீரல் பாதிப்பு அறிகுறியோட குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. திருச்சியில உயிரைக் காப்பாத்தின அதே சத்துதான்.

முருங்கை மரம்

இந்த எபிசோடுக்காகப் போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். திருச்சி ஆய்வைப் பத்தி அம்மாச்சிட்ட சொன்னேன். பொழுது சாய்ஞ்சா குழந்தைக்குக் கண்ணு தெரியாதுன்னு நான் சொன்னதும், அவங்க பாக்கு இடிக்கிறதை நிறுத்திட்டாங்க.

அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். மூணு வயசுல அம்மை வந்து இறந்துட்டாங்கன்னும் தெரியும். அதுக்கு மேல வீட்டுல யாரும் பேசினது இல்ல. அன்னிக்கு அம்மாச்சியே சொன்னாங்க. விளக்கு வச்சதும் அந்தப் பிள்ளை வாசப்படி தடுக்கி விழுமாம். தட்டுல சோறு எங்க இருக்குன்னு தடவுமாம். அப்புறம் மணல்வாரி போட்டுச்சு. அம்மை போட்ட வீடு, அதனால தாளிக்கல, எண்ணெய் சேர்க்கல. அம்மை இறங்கின பிறகு வயித்தால போச்சு. எட்டு நாள்.

1960கள்ல நடந்தது அது. எந்தக் குறையால போச்சுன்னு இன்னிக்கு யாரும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா கண்ணு, தட்டம்மை, வயித்துப்போக்கு, அந்த வரிசை நான் படிச்ச எல்லாக் கட்டுரையிலயும் இருந்துச்சு.

"அந்தச் சொட்டு எம்புட்டு ரூவாப்பா?"

"சில பைசாதான் அம்மாச்சி."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கீரையில இருக்குங்கிறியே, முருங்கை மரம் வாசல்லயே நின்னுச்சேய்யா"ன்னாங்க.

நான் என்ன சொல்ல? மூணு வயசுப் பிள்ளைக்கு யாரும் கீரை ஊட்டுற வழக்கம் அப்ப இல்ல. எண்ணெய் சேரலைன்னா கீரையில இருக்கிற அந்தச் சத்து உடம்புல சரியா ஒட்டாது. வந்து சொல்லிக்கொடுக்க ஆளும் இல்ல, தடுப்பூசியும் இல்ல. "உன் தப்பு இல்ல அம்மாச்சி"ன்னு மட்டும் சொன்னேன்.

மாமா சொன்ன 'பசி வேற, நோய் வேற'ங்கிற கணக்கு செடிக்குச் சரிதான். பிள்ளைகளுக்குப் பசியும் நோயும் சேர்ந்தே வரும். அந்தப் பிள்ளைக்குப் பள்ளம் இருந்துச்சு, மண்ணு போட யாரும் வரல. அறுபது வருஷம் கழிச்சு, பள்ளம் இருக்கான்னு கூடப் பார்க்காம, நான் அம்மாச்சிக்கு ஒரு டப்பா மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவங்களுக்கு அப்ப வேண்டியிருந்தது ஊசி.

அதனால, உங்க வீட்டுல யாராவது சத்து மாத்திரை போட்டா, போடாதீங்கன்னு நான் சொல்லல. குறை இருக்கான்னு டாக்டர்ட்ட ஒரு தடவை பாருங்க. இருந்தா, அவர் சொல்ற அளவுல போடுங்க. வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா, ஒன்பதாவது மாசத்துல இருந்து அரசு கொடுக்கிற அந்த வைட்டமின் ஏ சொட்டையும் தட்டம்மைத் தடுப்பூசியையும் தவறவிடாதீங்க. தயவுசெஞ்சு ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. மாத்திரையைக் கையில கொடுத்துட்டு, "கிட்டயே வராது"ன்னு சொல்லாதீங்க.

அம்மாச்சி இப்ப ரெண்டு ஊசியும் போட்டுட்டாங்க. டப்பா காலியாகி, அதுல பாக்கு போட்டு வச்சிருக்காங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.